மெட்டாலிகாவைப் பின்தொடர்ந்து ஐரோப்பாவில்: சென்னையிலிருந்து திட்டமிடுவோருக்கு

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவை நேரில் கேட்டதாகவும், அதன் பின் அந்த வாய்ப்பு அமையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பியச் சுற்றுப்பயணம் ஒன்றில் மூன்று நான்கு ஊர்களுக்கு அவர்கள் பின்னாலேயே செல்ல விரும்புகிறீர்கள். விசா, டிக்கெட், ரயில் ஆகியவற்றை எந்த வரிசையில் ஏற்பாடு செய்வது என்றும், ஒரே குழுவை அடுத்தடுத்துப் பார்ப்பதில் பொருள் உண்டா என்றும் கேட்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். எத்தனை ஊர்கள், எந்தெந்த ஊர்கள், எத்தனை நாட்கள் என்பவை எல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை.

பொருள் உண்டு, ஆனால் எல்லாக் குழுக்களுக்கும் இல்லை. ஒளியமைப்பையும் திரைக்காட்சியையும் கணினியோடு பிணைத்துக்கொண்டு, முதல் நாள் வாசித்த பாடல்களையே கடைசி நாள் வரை அதே வரிசையில் வாசிக்கும் பெரிய குழுக்கள் பல இருக்கின்றன. அவர்களை ஒரு சுற்றுப்பயணத்தில் ஒருமுறை பார்த்தாலே போதும். மெட்டாலிகா வேறு வகை. 2023 ஏப்ரல் 27 அன்று ஆம்ஸ்டர்டாமின் யோஹான் க்ரைஃப் அரங்கில் தொடங்கிய எம்72 சுற்றுப்பயணத்தில், பெரும்பாலான நகரங்களில் இரண்டு இரவுகள் வாசிப்பது, முதல் இரவில் வந்த பாடல் எதையும் இரண்டாம் இரவில் திரும்ப வாசிக்காமல் இருப்பது என்ற ஏற்பாட்டை அவர்கள் கொண்டுவந்தார்கள். ஓர் இரவுக்கு ஏறத்தாழ பதினாறு பாடல்கள். முதல் இரவு ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாடலில் முடிந்தால், இரண்டாம் இரவு ‘என்டர் சாண்ட்மேன்’ பாடலில் முடியும். இடையில் வரும் பழைய பாடல்கள் ஊருக்கு ஊர் மாறும். தொடக்கத்தில் வாசிக்கும் துணைக் குழுக்களும் இரண்டு இரவுகளுக்கும் வெவ்வேறு. மார்கழியில் ஒரே பாடகரை மயிலாப்பூரில் ஒரு நாளும் தி. நகரில் ஒரு நாளும் தேடிச் சென்று கேட்கும் ரசிகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேடையும் இதற்கேற்பவே அமைக்கப்பட்டது. அரங்கத்தின் ஒரு முனையில் இல்லாமல் நடுத்திடலில் வளையமாக மேடை கட்டப்பட்டது. வளையத்தின் நடுவிலுள்ள வெற்றிடத்திலும் ரசிகர்கள் நின்றார்கள். ‘பாம்புக் குழி’ என்று அந்த இடத்தைக் குழுவே அழைக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அவர்கள் நடத்திய சுற்றுப்பயணங்களிலிருந்தே அந்தப் பெயர் வழங்கி வருகிறது. லார்ஸ் உல்ரிக்கின் டிரம்ஸ் வளையத்தின் நான்கு இடங்களில் மாறி மாறி மேலெழும். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், கிட்டார் கலைஞர் கிர்க் ஹாம்மெட், பேஸ் கிட்டார் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ மூவரும் மேடையைச் சுற்றி நடந்துகொண்டே வாசிப்பார்கள். ஆகவே ஓர் இடத்தில் நின்று முழு நிகழ்ச்சியையும் முகத்துக்கு நேராகப் பார்ப்பது எவருக்கும் இயலாது. ஒரு நகரத்தில் முதல் இரவைத் தரையில் நின்றும், இரண்டாம் இரவை மேல்தட்டு இருக்கையிலிருந்தும் பாருங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. தரையில் கிடைப்பது ஓசையும் நெருக்கமும். மேலிருந்துதான் அந்த வளையமும் அதைச் சுற்றி நிற்கும் திரைக் கோபுரங்களும் ஒரே அமைப்பாகக் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தடுத்துப் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் ஊர்களே. 2018 ஏப்ரலில் பிராகில் ஹாம்மெட்டும் ட்ருஹியோவும் ‘யோஷின் ஸ் பாஷின்’ என்ற பழைய செக் நகைச்சுவைப் பாடலை வாசித்தபோது அரங்கம் முழுவதும் செக் மொழியில் சேர்ந்து பாடியது. அந்தச் சுற்றுப்பயணத்திலிருந்து, போகும் ஊரின் பாடல் ஒன்றைக் கற்றுக்கொண்டு வாசிப்பதை இருவரும் வழக்கமாக்கிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஒரு பரிசு. வெளியூரிலிருந்து வரும் நமக்கு, அந்த மக்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பது சில நிமிடங்களில் காதில் விழுகிறது. மாட்ரிட் கூட்டம் சொற்களோடு நிறுத்திக்கொள்ளாமல் கிட்டார் பகுதிகளையும் வாய்விட்டுப் பாடும். வட ஐரோப்பியக் கூட்டம் பொறுமையாக உற்றுக் கேட்டு, உரிய இடத்தில் வெடிக்கும். கோபன்ஹேகன் தனி வகை. உல்ரிக் டென்மார்க்கில் பிறந்தவர்; 1984, 1986 ஆண்டுகளில் வெளிவந்த இரண்டாவது, மூன்றாவது ஆல்பங்கள் அந்த நகரத்தின் ஸ்வீட் சைலன்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானவை. அங்கே அவர்களை விருந்தினராக யாரும் நடத்துவதில்லை.

இதிலிருந்து பயணத்தின் வடிவம் தானாகவே கிடைக்கிறது. ஏழெட்டு ஊர்களில் ஓர் இரவு வீதம் பார்ப்பதைவிட, மூன்று ஊர்களில் இரண்டிரண்டு இரவுகள் பார்ப்பது மேல். 2024 கோடைக்காலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மே 24, 26 மியூனிக்; மே 29 மிலான்; ஜூன் 1 வியன்னா; ஜூன் 7, 9 ஹெல்சிங்கி; ஜூன் 14, 16 கோபன்ஹேகன்; பிறகு ஒஸ்லோவிலும் பிரான்சின் கிளிசோனிலும் இசைவிழாக்கள்; ஜூலை 5, 7 வார்சா; ஜூலை 12, 14 மாட்ரிட். இந்தப் பட்டியலில் ஒற்றை இரவு நிகழ்ச்சிகள் எல்லாம் இசைவிழாவின் பகுதியாகவோ திறந்தவெளித் திடலிலோ நடந்தவை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடல்களே வரும். இசைவிழா என்றால் அந்தக் குழுவுக்காகவே வந்த கூட்டமும் இருக்காது. ஆகவே இரண்டு இரவு ஊர்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை இரவு ஊர் வழியில் வந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பிலுள்ள ஊர்ப்பெயரை நம்பி விடுதி எடுக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் ‘வியன்னா’ என்று அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி நடந்த இடம், நகரத்துக்குத் தெற்கே வெகுதூரம் தள்ளியுள்ள எப்ரைக்ஸ்டார்ஃப். மிலானில் அது ஒரு குதிரைப் பந்தயத் திடல். பாரிஸின் ஸ்டாட் டி ஃபிரான்ஸ் அரங்கம் உண்மையில் செயின்ட்-டெனியில் இருக்கிறது. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் கடைசி ரயில் எப்போது என்பதைப் பார்த்துவிட்டே விடுதியின் இடத்தை முடிவு செய்யுங்கள். ஜெர்மனியில் பல நிகழ்ச்சிகளின் டிக்கெட்டே அன்றைய நகரப் போக்குவரத்துக்கும் செல்லும். அச்சிட்ட குறிப்பைப் படித்தால் தெரிந்துவிடும்.

இனி விசா. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு இந்தப் பயணத்தின் கடினமான பகுதி இதுதான். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாட்களிலும் அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்கும் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க இயலாது. கோடையில் நேர்முக நாள் கிடைப்பதே அரிதாகிவிடுவதால், அந்த ஆறு மாதங்களின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் பலர் குழம்புகிறார்கள். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். இரண்டு இரவு நிகழ்ச்சிகளுக்கு இடையே ஒரு நாள் இடைவெளி இருக்கும் என்பதால், ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது மூன்று இரவுகள் கணக்கில் வரும். அவற்றை நாடு வாரியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். வாங்கிய டிக்கெட்டுகளை நாள் வாரியான பயணத்திட்டத்தோடு சேர்த்து வையுங்கள். எதற்காக ஊர் ஊராகப் போகிறீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இரண்டு செய்திகள் உங்களுக்குச் சாதகமானவை. 2024 ஏப்ரல் முதல், கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டாண்டு பலமுறை நுழைவு விசா வழங்கும் விதி நடைமுறையில் இருக்கிறது. தொடர்ந்து பயணிக்கும் எண்ணம் இருந்தால் இது மிகவும் உதவும். இன்னொன்று பிரிட்டனையும் அயர்லாந்தையும் பற்றியது. இவை இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே உள்ளவை. 2026 கோடைக்கு அறிவிக்கப்பட்ட பயணத்திட்டத்தில் டப்ளின், கிளாஸ்கோ, கார்டிஃப், லண்டன் ஆகியவை கடைசிப் பகுதியில் அடுத்தடுத்து வந்ததைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு, இவ்விரு நாடுகளுக்கும் ஒரே விசாவில் சென்றுவரும் தனித் திட்டம் உண்டு; விசாவில் அதற்கான குறிப்பு இடம்பெற்றிருக்க வேண்டும். முதல் பயணத்திலேயே ஷெங்கன் பகுதி, பிரிட்டன் இரண்டையும் இணைக்க முயலாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் குழுவின் அதிகாரபூர்வ ரசிகர் சங்கத்தில் முன்கூட்டியே சேர்ந்துவிடுவது முதல் வேலை. பொது விற்பனைக்கு முன் சங்க உறுப்பினர்களுக்குத் தனி விற்பனை நடக்கும். எம்72இல் தொடக்கத்தில் இரண்டு இரவுகளுக்கும் சேர்த்தே டிக்கெட் விற்றார்கள். ஒற்றை இரவு டிக்கெட்டுகள் பின்னரே வந்தன. முழுச் சுற்றுப்பயணத்தையும் பின்தொடர்பவர்களுக்கென்று தனிப் பாஸும் இருந்தது. ஆனால் அது ஐரோப்பாவுக்குள் நினைத்த நேரத்தில் ரயிலேறக் கூடியவர்களுக்கே பயன்படும். விசா நாட்களுக்குக் கட்டுப்பட்ட நமக்கு ஊர் வாரியாக வாங்குவதே சரி. மறுவிற்பனையில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். டென்மார்க்கில் அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வது சட்டவிரோதம். இத்தாலியில் ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளின் டிக்கெட்டில் வாங்கியவரின் பெயர் இருக்க வேண்டும் என்பது 2019 முதல் சட்டம். வேறொருவர் பெயரிலுள்ள டிக்கெட்டை வாங்கினால் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். பெயர் மாற்றத்துக்கு அதிகாரபூர்வ வழி இருக்கிறது. அதைத் தவிர்த்து எதையும் வாங்காதீர்கள்.

ஊர்களுக்கு இடையே ரயிலே சிறந்தது என்பேன். விமானத்தில் போனால் ஒவ்வொரு முறையும் அரை நாள் விமான நிலையங்களில் கழிந்துவிடும். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு, பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெயில் பாஸ் கிடைக்கும். இன்டர்ரெயில் அங்கே வசிப்பவர்களுக்கானது. 27 வயது வரை இளையோர் கட்டணம். ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் பகல்நேர ரயில்களில் பெரும்பாலும் பாஸ் மட்டுமே போதும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும்; அதில் பாஸுக்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். 2024 திட்டத்தில் மியூனிக்கிலிருந்து மிலானுக்கு பிரென்னர் கணவாய் வழியாக வெரோனா சென்று அங்கே மாறிக்கொள்வது ஒரு பகல் பயணம். ஆல்ப்ஸ் மலைகளை ஊடறுத்துச் செல்லும் அந்தப் பாதை, இரண்டு இரவுகள் பேரோசையில் நின்ற உடலுக்கு நல்ல ஓய்வு. வியன்னாவிலிருந்து ஹெல்சிங்கிக்கு ஆறு நாட்கள் இருந்தன. ஹம்பர்க், கோபன்ஹேகன் வழியாக ஸ்டாக்ஹோம் வரை ரயில், அங்கிருந்து இரவுக் கப்பல் என்று தரையிலும் கடலிலுமாகவே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அந்த ஸ்டாக்ஹோம்–கோபன்ஹேகன் பாதையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். 1986 செப்டம்பர் 26 அன்று ஸ்டாக்ஹோமின் சோல்னா அரங்கில் வாசித்துவிட்டு, இரவோடு இரவாக கோபன்ஹேகனை நோக்கிப் புறப்பட்ட குழுவின் பேருந்து, மறுநாள் விடிகாலையில் ஸ்வீடனின் லுங்பி நகரத்துக்கு அருகே டோரார்ப் என்னுமிடத்தில் கவிழ்ந்தது. குழுவின் அன்றைய பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் அந்த இடத்திலேயே இறந்தார்; அவருக்கு வயது 24. 2006 அக்டோபரில் அங்கே ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஆல்வெஸ்டா நிலையத்தில் இறங்கி லுங்பிக்குப் பேருந்தில் சென்று, அங்கிருந்து கார் ஏற்பாடு செய்துகொள்ளலாம். வட ஐரோப்பியப் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நாளை இதற்காக ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் ஊராகப் போவதற்கு அந்த நால்வரும் கொடுத்த விலை என்ன என்பதை அந்தச் சாலையோரத்தில் நின்றவர், குழு ‘ஒரையன்’ வாசிக்கும்போது முன்பு கேட்டது போலக் கேட்க மாட்டார். பர்ட்டனின் கைவண்ணம் மிகுந்த பாடல் அது. எம்72இன் முதல் இரவில் அதைத்தான் முதலாவதாக வாசித்தார்கள்.

நிகழ்ச்சி நாளைப் பற்றிச் சில சொற்கள். முன்வரிசைத் தடுப்புக் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும் என்றால் காலையிலேயே வரிசையில் சேர வேண்டும். சில குழுக்களின் ரசிகர்கள், குறிப்பாக ஸ்பெயினிலும் இத்தாலியிலும், கையில் எண் எழுதிக்கொண்டு சில மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் கூப்பிட்டு வரிசையைத் தாங்களே நடத்துகிறார்கள். அப்படி ஒரு பட்டியல் இருந்தால் அதை மதியுங்கள், நுழைவாயில் ஊழியர்களும் பெரும்பாலும் மதிப்பார்கள். பெரிய பைகளை அனுமதிக்க மாட்டார்கள். ஏ4 தாள் அளவே பல இடங்களில் வரம்பு. ஜெர்மனியில் குடிநீர்க் கோப்பைக்கும் முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

முன்பகுதியில் தரையைத் தடுப்புகளால் பல கட்டங்களாகப் பிரித்திருப்பதைப் பார்ப்பீர்கள்; அதைத் தொல்லையாக எண்ண வேண்டாம். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசைவிழாவில் பெர்ல் ஜாம் என்ற ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடை முன் ஏற்பட்ட நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். அந்தத் தடுப்புகளின் தேவையை ஐரோப்பா அன்று கற்றுக்கொண்டது. உங்கள் கைகளை மார்புக்கு மேல் தூக்க இடமில்லை என்று உணர்ந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்து பிடித்த இடமானாலும் பக்கவாட்டில் விலகி வெளியேறிவிடுங்கள். அருகில் எவராவது விழுந்தால் உடனே தூக்கிவிடுங்கள். மெட்டல் கூட்டத்தில் இது எழுதப்படாத சட்டம்.

காதுகளைப் பற்றி நம் ஊரில் கவலைப்படுவோர் குறைவு. அரங்கங்களில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. பிரான்சின் சட்டம் 102 வரை அனுமதிக்கிறது. ஓர் இரவு பார்ப்பவருக்கு மறுநாள் காதில் ரீங்காரம் கேட்டு அடங்கிவிடலாம். இரண்டு வாரத்தில் ஆறு இரவுகள் நிற்பவருக்கு அது நிலைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. பஞ்சு போதாது. எல்லாச் சுருதிகளையும் சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காது அடைப்பான்களைச் சென்னையிலிருந்தே வாங்கிச் செல்லுங்கள். பாடல் தெளிவு குறையாது.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் முதல் நிகழ்ச்சி நாளான ஏப்ரல் 27, நெதர்லாந்து அரசரின் பிறந்தநாள் விழா. நகரமே ஆரஞ்சு உடையில் தெருவில் இருக்கும், அறை கிடைப்பது அரிது. 2024 ஜூலை 14 அன்று மாட்ரிட்டில் இரண்டாம் இரவு. அதே இரவில்தான் பெர்லினில் ஸ்பெயின் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை வென்றது. ஜூனில் ஹெல்சிங்கியிலும் ஸ்வீடனின் யோதெபோரியிலும் (கோதன்பர்க்) இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தீப்பிழம்புகளும் ஒளிக்கற்றைகளும் முழு இருட்டில் தரும் காட்சியை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஒளிக்காட்சி முக்கியம் என்றால் கூரையுள்ள அரங்கத்தையோ தெற்கு ஐரோப்பாவையோ தேர்ந்தெடுங்கள். ஆனாலும் யோதெபோரியின் உல்லெவி அரங்கத்தை நான் விடமாட்டேன்: 1985 ஜூனில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வாசித்தபோது கூட்டம் ஒரே தாளத்தில் குதித்ததில், களிமண் நிலத்தின் மேல் நின்ற அந்தக் கட்டடமே அதிர்ந்து சேதமுற்றது. பிறகு அடித்தளத்தை வலுப்படுத்தினார்கள். அதே இடத்தில் 2023 ஜூனில் மெட்டாலிகா இரண்டு இரவுகள் வாசித்தது.

ஆக, தேதிகள் அறிவிக்கப்பட்ட அன்றே நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு இரவு ஊர்களில் ஒன்றுக்கொன்று ஒரு நாள் ரயில் தூரத்திலுள்ள இரண்டையும், சற்றுத் தொலைவிலுள்ள ஒன்றையும் தேர்ந்தெடுத்து, சங்க விற்பனையில் டிக்கெட் வாங்குவது. அதன்பின் ரத்து செய்யக்கூடிய விடுதி முன்பதிவு. பிறகு விசா விண்ணப்பம். கடவுச்சீட்டு கைக்குத் திரும்பி வந்த பின்னரே ரயில் இருக்கைகளுக்குப் பணம் கட்டுங்கள். விமான டிக்கெட்டையும் அதுவரை பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டும் வைத்திருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று ஊர்களையும் தேதிகளையும் எழுதினால், எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது, எந்த ரயிலைப் பிடிப்பது என்பதை நாள் வாரியாக வகுத்துத் தருகிறேன்.